நாலாவது தெருவை இறக்கிய கதை

பழைய குடியிருப்புத் தெருக்களை மறுவடிவமைக்கப் பொறியாளர்கள் தேவை என்று நகர நிர்வாகம் விளம்பரம் கொடுத்திருக்கிறது. என் கைப்பேசிக்கு அதைப் பலர் அனுப்பிவிட்டார்கள். நான் ஓய்வு பெற்றவள் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். வழியனுப்பு விழாவில் எனக்குச் சால்வை போட்டவர்களே அவர்கள்தான். பிறகு எதற்கு அனுப்புகிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது எங்கள் பொறியாளர் சங்க மலரின் ஆசிரியர் கூப்பிட்டு விளக்கினார். புதிதாகச் சேரப்போகும் பிள்ளைகள் படிப்பதற்கு நான் ஏதாவது எழுத வேண்டுமாம்.

விளம்பரத்தை முழுவதும் படித்துப் பார்த்தேன். நடைபாதை, வடிகால், மரம், மிதிவண்டி, முதியோர், குழந்தைகள் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். தெரிந்திருக்க வேண்டிய மென்பொருள்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. மழைக்காலத்தில் அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று திட்டு வாங்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் போடவில்லை. போட்டால் விண்ணப்பம் குறையும் என்று நினைத்திருக்கலாம்.

நான் சிவில் படித்தால் சொந்த வீடு கட்டிக்கொள்ளலாம் என்று அப்பா நினைத்தார். வேலையில் சேர்ந்த பிறகு நான் ஒரு வீடும் கட்டவில்லை. முதல் சில வருடங்கள் குழி மூடினேன். அதன் பிறகு குழி தோண்ட மற்றவர்களுக்கு அனுமதி கொடுத்தேன். குடிநீர்க்காரர்கள் தோண்டுவார்கள், மூடுவோம். மின்சாரக்காரர்கள் தோண்டுவார்கள், மூடுவோம். கேபிள்காரர்கள் அனுமதி கேட்காமலே தோண்டுவார்கள், அதையும் மூடுவோம். இப்படித்தான் நான் உதவிப் பொறியாளராக அனுபவம் பெற்றேன்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் பழைய நகர்களில் இருப்பவர்களுக்கு அடுத்து வருவதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் சாலைகள் வளரும். புதுச் சாலை போடுவதற்கு முன் பழைய சாலையைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்பது விதி. சுரண்டுவதற்கு இயந்திரம் வேண்டும், அந்த இயந்திரம் எப்போதும் வேறு எங்கேயோ இருக்கும். அதனால் பழையதன் மேலேயே புதியதைப் போட்டுவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு தடவையும் நாலு விரல் உயரும். வீடு கட்டிய புதிதில் மூன்று படி ஏறி உள்ளே போனவர்கள், பிள்ளைக்குப் பெண் பார்க்கும் காலத்தில் இரண்டு படி இறங்கி உள்ளே போவார்கள். நான் முகப்பேரில் அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இருந்ததால் எனக்கு இந்தச் சிக்கல் இல்லை. இதைப் பலர் எனக்குச் சுட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

எங்கள் செயற்பொறியாளர் சிங்காரவேலு சார். அவரைப் பற்றி அலுவலகத்தில் இருந்த பயமெல்லாம் உண்மையில் அவர் ஜீப்பில் இருந்த தண்ணீர் கேனைப் பற்றியதுதான். புதுச் சாலையைப் பார்வையிட வரும் அதிகாரிகள் டேப் எடுத்து வருவார்கள், புகைப்படம் எடுப்பார்கள். இவர் கேனைத் திறந்து நடுச்சாலையில் தண்ணீரை ஊற்றுவார். பேன்ட்டை முழங்காலில் கொஞ்சம் ஏற்றிவிட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிடுவார். தண்ணீர் ஓடி ஓரத்துக்குப் போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டார். நடுவில் எங்கேயாவது தேங்கினால் மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

"இங்க ஏன் நிக்குது?"

சம்பந்தப்பட்டவர் தாரின் சூடு, ரோலரின் எடை என்று காரணம் சொல்லத் தொடங்குவார். சார் முழுவதையும் பொறுமையாகக் கேட்பார்.

"அத தண்ணிகிட்ட சொல்லுங்க."

அவ்வளவுதான். குரலை உயர்த்த மாட்டார். யாரையும் நீங்க என்றுதான் சொல்வார். ஜீப்புக்குக் குறுக்கே படுத்திருக்கும் தெரு நாயிடம்கூட "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை நன்றாகத் திட்டித் தொலைத்தால் நிம்மதியாக இருக்கும் என்று ஒப்பந்தக்காரர்கள் புலம்புவார்கள். வரைபடம் கையெழுத்துக்குப் போனாலும் இதே கதைதான். ஓரத்தில் பென்சிலில், தண்ணீர் எங்கே போகிறது, என்று எழுதித் திருப்பி அனுப்புவார். பதில் சொல்லாமல் கையெழுத்து கிடைக்காது.

நாலாவது தெரு அம்பத்தூருக்கு மேற்கே ஒரு நகரில் இருக்கிறது. நகரின் பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் சம்பந்தப்பட்டவர்கள் கூப்பிடுவார்கள். பழைய தெருக்களை மாற்றியமைக்கத் தனியார் நிறுவனம் ஒன்றின் பொறியாளர்களை நிர்வாகம் அமர்த்திய புதிதில் முதலில் எடுத்துக்கொண்ட தெருக்களில் அதுவும் ஒன்று. நிறுவனத்தின் சார்பில் விவேக் என்பவர் வந்தார். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் படித்துவிட்டு, வெளிமாநிலத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். மரியாதையானவர், கெட்டிக்காரர். வெயிலில் மடிக்கணினித் திரை தெரியவில்லை என்று குடையைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வார். அலுவலகத்தின் சார்பில் என்னைப் போட்டார்கள்.

தெருவிலேயே பந்தல் போட்டுக் கூட்டம் நடத்தினோம். விவேக் பெரிய படம் ஒன்றைக் காட்டினார். படத்தில் நாலாவது தெருவில் மரங்கள் இருந்தன, மரத்தடியில் பெஞ்ச் இருந்தது, வீடுகள் எல்லாம் சாலையைவிட உயரமாக இருந்தன, தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் போனாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த முனிரத்தினம் எழுந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். பொழுதுக்கும் நூலிழை கணக்கில் இரும்பைக் கடைந்தவர் என்பதால் பேச்சும் அப்படித்தான் இருக்கும்.

"தம்பி, படத்துல கீற பொம்பள யாரு? நம்ம தெருவுல அப்டி யாரும் இல்லியே."

"அது சும்மா மாதிரிக்கு சார்."

"ஊடும் மாதிரிக்குதானா?"

விவேக் படத்தை மூடிவிட்டு விஷயத்துக்கு வந்தார். பழைய சாலையை அடியோடு தோண்டி எடுத்துவிட்டு, இப்போது இருப்பதைவிட முழங்கால் அளவு கீழே புதுச் சாலை போடப்போகிறோம், வடிகாலும் அதற்கேற்றபடி இறங்கும் என்றார். அந்தப் பக்கத்தில் ஒரு சாலை கீழே இறங்கி யாரும் கேள்விப்பட்டதில்லை.

பின்வரிசையில் இருந்து ஒரு பெண் கேட்டார். "நெஜமாவே எறங்குமா மேடம்?" கேள்வி விவேக்குக்கு இல்லை, எனக்கு.

"இறங்கும்மா" என்றேன்.

அவர் பெயர் ரஸியா. முனிரத்தினத்துக்கு அடுத்த வீடு. வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். கணவர் பூந்தமல்லியில் சோபா தைக்கும் கடைக்குப் போய்விடுவார், பகலில் இவரும் தையல் இயந்திரமும் மட்டும்தான் இருப்பார்கள். நாலாவது தெருவிலேயே தாழ்ந்த வீடு அதுதான். சாலையிலிருந்து இரண்டு படி இறங்க வேண்டும். தண்ணீர் வராமல் இருக்க வாசலில் குறுக்கே ஒரு குட்டைச் சுவர் வைத்திருந்தார். அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும், வாடிக்கையாளர்கள் புடவையைத் தூக்கிக்கொண்டு தாண்டுவார்கள். மழை வந்தால் தண்ணீர் அந்தச் சுவரைத் தாண்டாது, குளியலறைச் சாக்கடைக் குழாய் வழியாக வரும். ஒரு கல்யாண வீட்டின் ஜாக்கெட்டுகள் மொத்தமும் அப்படிச் சாக்கடையில் நனைந்து, சொந்தக் காசில் துணி வாங்கித் திருப்பித் தைத்துக் கொடுத்தாராம். அதிலிருந்து அடுத்தவர் துணியை எல்லாம் கூரையில் கொக்கி போட்டு, மின்விசிறிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருப்பார். அளவு கொடுக்கப் போனால் தலைக்கு மேல் பட்டுத்துணி ஆடிக்கொண்டிருக்கும்.

இனி கொஞ்சம் தொழில் விஷயம். பயப்பட வேண்டாம். ஒரு தெருவின் மேடு பள்ளத்தை அளக்க நகராத ஒரு புள்ளி வேண்டும். அதற்கு மட்டக்குறி என்று பெயர். அந்தப் புள்ளிக்கு நூறு என்று ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டு, சாலை அதைவிட எவ்வளவு தாழ்வு, வடிகால் எவ்வளவு தாழ்வு என்று எழுதிக்கொண்டே போவோம். பிறகு கட்ட வருபவர்களும் அதே புள்ளியிலிருந்துதான் அளந்து கட்டுவார்கள். புத்தகத்தில் பாலத்தின் கைப்பிடிச் சுவர், கல்தூண் என்றெல்லாம் உதாரணம் கொடுத்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் பாலத்தின் கைப்பிடிச் சுவர் எப்போதோ சாலைக்குள் போய்விட்டது. மின்பெட்டியின் மேடை பாதி புதைந்துவிட்டது. கோயிலில் வைத்தால் கும்பாபிஷேகத்துக்கு இடித்துக் கட்டிவிடுகிறார்கள். கடைசியில் உறுதியாக நிற்பது வீடுதான். அதனால் நல்ல கட்டுமானமாக ஒரு வீட்டைப் பார்த்து, வாசல் தூணின் அடியில் சிவப்புப் பெயின்ட்டில் அம்புக்குறி போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். காலங்காலமாக அப்படித்தான் செய்துவருகிறோம். யாரும் குறை சொன்னதில்லை.

கோடையில் நிறுவனத்தின் அளவைக்காரர்கள் வந்து முனிரத்தினத்தின் வாசல் தூணில் குறி போட்டார்கள். தெருவிலேயே நல்ல கட்டுமானம் அவருடையதுதான். அளந்துகொண்டு போய்விட்டார்கள். வரைபடம் தயாரானது. சிங்காரவேலு சார் ஓரத்தில் பென்சிலில் எழுதிய கேள்விக்கு விவேக் தெளிவாகப் பதில் சொன்னார், தண்ணீர் பெரிய கால்வாய்க்குப் போகிறது. சார் கையெழுத்துப் போட்டார்.

அதற்கும் வேலை தொடங்குவதற்கும் நடுவில், ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறவர்கள் நாலாவது தெருவுக்கு வந்தார்கள். முனிரத்தினம்தான் வரவழைத்தார். கூட்டத்தில் நாங்கள் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை.

"கவுர்மெண்டு ரோடு எறங்காது மேடம். நான் பொறந்ததுலேர்ந்து பாத்துகினு கீறேன். ஊடுதான் ஏறணும்."

அடுத்தடுத்த இரண்டு வீட்டைச் சேர்த்துத் தூக்கினால் கூலி குறையும் என்று ஜாக்கிக்காரர்கள் சொன்னார்களாம். ரஸியா என்னைக் கூப்பிட்டார். நான் போய் அந்தக் குட்டைச் சுவரைத் தாண்டி உட்கார்ந்தேன். அவர் தைப்பதை நிறுத்தவில்லை.

"அண்ணன் தூக்குறாரு. என்னையும் சேந்துக்கச் சொல்றாரு. இப்ப உட்டா அந்த ஆளுங்க மழ முடிஞ்சிதான் வருவாங்களாம். நீங்க சொல்லுங்க மேடம், தூக்கவா, வேணாமா?"

"வேண்டாம்மா. ரோடு இறங்குது. நீங்க தூக்க வேண்டிய அவசியமே இல்லை."

அவர் இயந்திரத்தை நிறுத்தி என்னைப் பார்த்தார். "உங்கள நம்பி வேணாம்னு சொல்லிடுறேன்" என்றார். நம்புங்கள் என்றேன். வரைபடம் என் பையில்தான் இருந்தது, அதில் எல்லாம் சரியாக இருந்தது.

அடுத்த வாரம் என்னைத் தேர்தல் வேலைக்கு இழுத்துக்கொண்டார்கள். எங்கள் துறையில் அது மழை மாதிரி, வந்தால் போய்த்தான் ஆக வேண்டும். வாக்காளர் பட்டியலோடு வேறொரு ஊரில் அலைந்துகொண்டிருந்தபோது முனிரத்தினத்தின் வீடு மேலே போனது. நான் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் சொன்னதுதான். வீட்டின் அடியில் வரிசையாக ஜாக்கி வைத்து, ஒருவர் விசில் ஊத, எல்லா ஜாக்கியையும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுவார்களாம். தெருவே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறது. முனிரத்தினத்தின் மனைவி மாடியில் குழம்பு வைத்துக்கொண்டே மேலே போயிருக்கிறார், குழம்பு சிந்தவில்லை. கிட்டத்தட்ட மூன்றடி உயர்த்தினார்கள். தூண், சுவர், வாசல் என்று எல்லாம் சேர்ந்து ஏறியது.

தேர்தல் வேலை முடிந்து வந்த அன்று ரஸியா கூப்பிட்டார்.

"மேடம், ரோடு எறங்கும்னு சொன்னீங்களே. கால்வா செவுரு என் ஜன்னலுக்கு வந்துருச்சி."

போய்ப் பார்த்தேன். வடிகாலின் கான்கிரீட் சுவர் அவர் வீட்டு வாசலுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றது. முழங்கால் அளவு கீழே போக வேண்டியது, பழைய சாலையைவிட மேலே வந்திருந்தது. சாலையும் அந்த உயரத்துக்கு வந்தால் ரஸியா வீட்டுக்கு ஏணி வைத்துத்தான் இறங்க வேண்டும். ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் ஏழுமலை அங்கேதான் இருந்தார்.

"டிராயிங்ல இன்னா கீதோ அதான் கட்னேன் மேடம். நூல் பிசகல."

விவேக்கைக் கூப்பிட்டேன். அவர் கருவியை வைத்து அளந்தார். வரைபடத்தில் எழுதியிருந்த மட்டமும் சுவரின் மட்டமும் ஒன்றாகவே இருந்தன. குடையை மடக்கி வைத்துவிட்டு மறுபடி அளந்தார். மறுபடியும் சரியாக இருந்தது. ரஸியா ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையும் அளவுதான் இடம்.

"எல்லாம் சரியாதான் மேடம் இருக்கு" என்றார் விவேக். அவர் முகம் வெளுத்திருந்தது. எல்லாம் சரியாக இருந்து, சுவர் மட்டும் தப்பான இடத்தில் இருந்தால் ஒரு பொறியாளர் என்ன செய்வார்? நான் சிங்காரவேலு சாருக்குத் தகவல் சொன்னேன்.

சார் வந்தார். கேனைத் திறந்தார், சாலையில் ஊற்றினார், குந்தி உட்கார்ந்தார். தண்ணீர் சுவர் வரை போய், அதில் முட்டி, ஓரமாக ஓடி, சுவர் முடியும் இடத்தில் திரும்பி ரஸியா வீட்டுப் படியில் இறங்கியது. அது குட்டைச் சுவரில் முட்டி நிற்கும்வரை சார் பார்த்தார்.

"எதுலேர்ந்து அளந்தீங்க?"

விவேக் முனிரத்தினத்தின் தூணைக் காட்டினார். தூணுக்கு அடியில் இருந்த சிவப்புக் குறி சாரின் மார்பு உயரத்தில் இருந்தது. வீட்டுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். குறியை மட்டும் விட்டுவிட்டு, சுற்றிலும் சதுரமாகக் கோடு இழுத்தாற்போல் அடித்திருந்தார்கள். சார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வாசலில் ஈர சிமென்ட்டில் ஏழெட்டுப் படிகள், அதன் உச்சியில் முனிரத்தினம்.

"ஐயா, இந்தத் தூண் எப்பவும் இங்கதான் இருக்கா?"

"இங்கதான் சார் கீது. எங்க போவும்?" முனிரத்தினம் கொஞ்சம் யோசித்தார். "மேல போயிருக்கு. அவ்ளோதான்."

சார் குறியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"குறி மேல பெயின்ட் அடிக்கலையா?"

"கவுர்மெண்டு குறி சார். அளவு. அத அழிக்கலாமா? பெயிண்டர்கிட்ட நான்தான் தெளிவா சொல்லிட்டேன், சுத்தி அடி, அது மேல கை வெக்காதன்னு."

அளந்தவர்கள் வீடு கீழே இருந்தபோது வந்தார்கள், போய்விட்டார்கள். வரைந்தவர் அலுவலகத்தில் இருந்தார். கட்டியவர் வீடு மேலே போன பிறகு வந்தார், குறியைப் பார்த்தார், அதிலிருந்து அளந்தார். எல்லோரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார்கள். வீடு ஏறிய அளவுக்கு எங்கள் சாலையும் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம் அது. ஜன்னலில் ரஸியாவின் முகம் இருந்ததால் வரவில்லை.

"இடிச்சிடுங்க" என்றார் சார்.

"செலவு யாருது சார்?" என்றார் ஏழுமலை.

"என் பேர எழுதிக்குங்க. மொதல்ல இடிங்க."

இடிக்கத் தொடங்கினார்கள். புது மட்டக்குறி வேண்டும், இந்தத் தடவை உண்மையாகவே நகராதது. நாங்கள் மூவரும் தெருமுனை டீக்கடையில் நின்று யோசித்தோம். நாங்கள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் சார் டீயை உறிஞ்சிவிட்டுத் தலையை ஆட்டினார். பள்ளிக்கூடத்தைப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். தண்ணீர்த் தொட்டி சாய்ந்திருக்கிறது. கடைசியில் அவரே, "ரயில்வே பாலம்" என்றார். ரயில்காரர்கள் தண்டவாளத்தின் மட்டத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பாலத்தின் தூணில் அவர்கள் வைத்த குறியிலிருந்து நாலாவது தெரு வரைக்கும் மட்டத்தை நடத்திக் கொண்டுவர வேண்டும். பின்னால் ஒருவர் அளவுகோலைப் பிடித்து நிற்க, நடுவில் கருவி, முன்னால் ஒருவர் கோலோடு. பின்கோலைப் படித்து, முன்கோலைப் படித்து, கருவியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய், மறுபடியும் அதே கதை. பேருந்து குறுக்கே வந்து நிற்கும். ஆட்டோக்காரர் வந்து, "இன்னா மேடம், பாலம் கட்றீங்களா?" என்று கேட்பார். விவேக் ஒரு கோலைப் பிடித்தார், நான் ஒன்றைப் பிடித்தேன், கருவியில் சாரே கண் வைத்தார். செயற்பொறியாளர் நடுச்சாலையில் குனிந்து நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாலாவது தெருவிலிருந்து திரும்பவும் பாலம் வரை அளந்துகொண்டு போய்ச் சரிபார்த்த பிறகுதான் விட்டார்.

அதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது. இடித்த சுவர் பள்ளத்தில் கிடக்க, புதுச் சுவர் பாதி எழும்பியிருந்த ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. நான் போய்ச் சேரும்போது தோண்டிய பள்ளம் முழுவதும் நிரம்பி, தண்ணீர் குட்டைச் சுவரைத் தாண்டி நேராக ரஸியா வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. பள்ளம் தோண்டாமல் இருந்திருந்தால் அவ்வளவு தண்ணீர் வந்திருக்காது. ஏழுமலையின் ஆட்கள் மோட்டார் வைத்து இறைத்தார்கள். இறைக்க இறைக்க வந்தது.

ரஸியா வாசலில் நின்றார், முழங்காலுக்கு மேல் தண்ணீர். அவர் கத்தவில்லை.

"அன்னிக்கே தூக்கியிருந்தா நானும் மேல நின்னு வேடிக்க பாத்துருப்பேன் மேடம். உங்க பேச்ச கேட்டேன்."

என் பையில் அப்போதும் வரைபடம் இருந்தது. அதை எடுத்துக் கிழித்துப் போட்டுவிடலாம் போல இருந்தது. முனிரத்தினம் தன்னுடைய உயரமான படிகளில் கைப்பிடி இல்லாமல் மெதுவாக இறங்கி வந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ரஸியா வீட்டுக்குள் போனார்.

"மிஷின புடி, ரஸியா. நம்மூட்ல வெச்சிக்கலாம். எம்மா மேடம், பாத்துகினு நிக்கிறியே, அந்தப் பக்கம் ஒரு கை குடு."

நான் ஒரு பக்கம் பிடித்தேன். தையல் இயந்திரத்தை மூன்று பேருமாக அந்தப் படிகளில் ஏற்றினோம். வேலை முடியும்வரை ரஸியா முனிரத்தினத்தின் வாசல் வராந்தாவில், சிவப்புக் குறி போட்ட தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் தைத்தார். போகிறபோதும் வருகிறபோதும் நான் அவரைப் பார்ப்பேன். அவர் துணியைப் பார்ப்பார்.

சார் தினமும் வந்தார். அந்த நாட்களில் தண்ணீர் ஊற்றவில்லை, அது தானாகவே வந்துகொண்டிருந்தது. இரண்டு மழைகளுக்கு இடையில் வெயில் அடித்த நாட்களில் சுவரை முடித்தார்கள், வடிகாலைக் கால்வாயோடு சேர்த்தார்கள், சாலையைத் தோண்டி இறக்கினார்கள். ஜல்லி போட்டு அமுக்கியதோடு நிறுத்திவிட்டு, தார் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றார் சார். நாலாவது தெரு முழங்கால் அளவு இறங்கியது. மக்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

தணிக்கையில் கேள்வி வந்தது. நிலையான மட்டக்குறி எவ்வாறு நகர்ந்தது என்று கேட்டிருந்தார்கள். வீட்டுடன் சேர்ந்து நகர்ந்தது என்று சார் பதில் எழுதினார். வீடு எவ்வாறு நகர்ந்தது என்று அடுத்த கேள்வி வந்தது. ஜாக்கி மூலம், என்று எழுதினார். அதற்குப் பிறகு கேள்வி வரவில்லை. விவேக் அந்த நிறுவனத்திலேயே இருந்தார். அதன் பிறகு அவர் எந்தத் தெருவுக்குப் போனாலும் மட்டக்குறி வைத்த வீட்டுக்காரரிடம், "வீட்ட தூக்குற ஐடியா ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்ட பிறகுதான் வேலையைத் தொடங்குவார் என்று கேள்விப்பட்டேன்.

முனிரத்தினத்தின் பிரச்சினை வேறு மாதிரி ஆகிவிட்டது. வீடு மூன்றடி ஏறி, சாலை முழங்கால் அளவு இறங்கியதில் அவர் வீடு தெருவில் கோபுரம் மாதிரி நின்றது. படிகள் நடைபாதையில் நீட்டக் கூடாது என்பதால் அவற்றை இடித்துவிட்டு, காம்பவுண்டுக்குள்ளேயே பக்கவாட்டில் திருப்பிக் கட்டிக் கொடுத்தோம். ஸ்கூட்டரை மேலே ஏற்ற வழியில்லை. "நான் ஊட்ட தூக்குனேன், நீங்க ரோட்ட எறக்கிட்டீங்க. ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் சும்மா இருந்திருக்கலாம்" என்றார். நியாயம்தான். நான் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு குறைதீர்க்கும் நாளிலும் சாலையை உயர்த்தித் தரக் கோரி மனு கொடுத்துக்கொண்டிருந்தார். மனுவைக் கொடுத்துவிட்டு என் மேஜை முன்னால் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவார்.

சாலை இறங்கிய பிறகு வந்த முதல் பெரிய மழையில் நான் நாலாவது தெருவுக்குப் போனேன். போகச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு ரஸியா வீட்டு வாசலுக்கு எதிரில் நின்றேன். சாலையில் தண்ணீர் ஓடியது, ஓரத்துக்குப் போனது, வடிகாலில் விழுந்தது. கொஞ்ச நேரம் நின்றது, பிறகு வடிந்தது. படியைத் தொடவில்லை. ரஸியா கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். இயந்திரம் திரும்பி வந்திருந்தது.

"பார்த்தீங்களாம்மா?" என்றேன். பெருமையாகத்தான் கேட்டேன்.

"பாத்தேன் மேடம்."

அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். கட்டிலின் நாலு காலுக்கும் அடியில் செங்கல் அடுக்கியிருந்தது. பீரோவுக்கு அடியில் செங்கல், பிரிட்ஜுக்கு அடியில் செங்கல். அத்தனை வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறார். நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"அது இருக்கட்டும் மேடம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. அடுத்த வருட மழையிலும் போனேன், தண்ணீர் வரவில்லை, செங்கல் இருந்தது. அதற்கு அடுத்த கோடையில் நான் ஓய்வு பெற்றேன். சிங்காரவேலு சார் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுப் போயிருந்தார்.

ஓய்வு பெற்ற வருடம் மழை நல்ல மழை. முகப்பேரில் என் மூன்றாவது மாடி ஜன்னலில் நின்று கீழே வண்டிகள் நீந்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது தெரு என்ன ஆகிறது என்று கேட்க எனக்கு அதிகாரமும் இல்லை, தைரியமும் இல்லை. மழை விட்டு, கார்த்திகையும் கழிந்த பிறகு ஒரு நாள் காலையில் ரஸியா கூப்பிட்டார்.

"மேடம், நல்லா கீறீங்களா? தண்ணி வரல."

"சந்தோஷம்மா."

"செங்கல்ல எடுத்துட்டேன். நேத்து அவரும் நானும் எல்லாத்தையும் எறக்கி வெச்சோம்." பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்கவில்லை. "ஒரு மாரி புச்சா கீது மேடம். கட்டில்ல உக்காந்தா கால் தரையில படுது."

"படட்டும்மா" என்றேன்.